கொரோனா நிவாரணம், வாரிசுச் சான்று, ஜிஎஸ்டி: அப்பா போனபின் நாங்கள் அலைந்த பத்து மாதம்

நேற்று காலை அம்மாவின் கணக்கில் கொரோனா மரண நிவாரணம் 50,000 ரூபாய் ஏறியது. அப்பா போனது 2021 மே 28. இந்தப் பணத்துக்காகவும், அவர் நடத்திய தையல் யூனிட்டை மூடாமல் காப்பாற்றவும் நாங்கள் ஏறி இறங்கிய படிகளை ஆறுமுன் எழுதிவிட வேண்டும். எங்களைப் போல இன்னும் எத்தனையோ குடும்பங்கள் பாதியில் நிற்கின்றன.

நாங்கள் கரூர். அப்பா இறந்தது திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில். முதல் தவறு எங்களுடையது. இறப்புச் சான்றிதழுக்கு எங்கள் ஊர் நகராட்சிக்குப் போய் நின்றோம். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், குடியிருக்கும் ஊரில் இல்லை. முழு ஊரடங்கு நேரம், பயணத்துக்கு இ-பதிவு எடுத்து எண்பது கிலோமீட்டர் போய்வர வேண்டும். அது தெரிந்திருந்தால் மருத்துவமனையில் இருந்த அன்றே பெயர், முகவரி, அப்பாவின் தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருப்போம். சான்றிதழில் ஒரு இனிஷியல் மாறியிருந்தது. அதைத் திருத்த மட்டும் இரண்டு முறை போனேன்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும், அது எல்லோருக்கும் தெரிந்த வழி. அம்மா, நான், தங்கை, மூன்று பேரை எழுதினேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அப்பாவின் அம்மா உயிரோடு இருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அப்பத்தா க.பரமத்தி பக்கம் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். மகன் போன செய்தியையே அவரிடம் பாதிதான் சொல்லியிருந்தோம். ஆதார் வாங்கவும் கைரேகை வைக்கவும் போனபோது முழுதும் சொல்ல வேண்டியதாயிற்று. மை தொட்ட கட்டை விரலைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எம்பையனுக்கு நான் வாரிசா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறந்தவரின் அம்மா இருந்தால் முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். நாமினி போடாத வங்கிக் கணக்குக்கு அவர் கையெழுத்தையும் கேட்பார்கள். சான்று செப்டம்பரில்தான் கைக்கு வந்தது.

அதற்குள் யூனிட் திணறிக்கொண்டிருந்தது. ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் துணியைத் தைத்துக் கொடுப்பது; எட்டுத் தையல் மெஷின், படுக்கை விரிப்பு. ஜிஎஸ்டி அப்பா பெயரில். தனிநபர் நிறுவனம் என்றால் அந்த எண்ணிலேயே மகன் தொடர முடியாது. பான் வேறு, அதனால் புதுப் பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவை வாரிசு ரத்து செய்ய வேண்டும். இதில் முறை மாறினால் நஷ்டம். பழைய கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டி, பிறகு நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) ஐடிசி-02 படிவத்தில் புது எண்ணுக்கு மாற்றியபின்தான் ரத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2019 மார்ச் 28 தேதியிட்ட 96-ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. எங்களுக்குக் கணக்கு எழுதுபவர் ரத்து விண்ணப்பத்தை முதலில் போடத் தயாராகிவிட்டார். முந்தின நாள் இரவு நான் அந்தச் சுற்றறிக்கையைப் படித்ததால் 38 ஆயிரம் தப்பியது.

ஓடிபி எல்லாம் அப்பாவின் பட்டன் போனுக்குத்தான் வரும். துக்கத்தில் அதை அணைத்து பீரோவில் வைத்திருந்தோம். ரீசார்ஜ் இல்லாமல் சிம் போகிற நிலை. இறந்தவரின் சிம்மை ஒரு வருடமாவது உயிரோடு வைத்திருங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். ஏனென்று அடுத்து வருகிறது.

நிவாரணத் தொகைக்கு டிசம்பரில் விண்ணப்பித்தோம். ஜனவரியில் நிராகரிப்பு. அலுவலகத்தில் நேரில் கேட்டேன். "மரண காரணத்துல நிமோனியா, மாரடைப்புன்னுதான் இருக்கு. கொரோனான்னு இல்லையே தம்பி. கடைசி டெஸ்ட்டும் நெகட்டிவ்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார் அந்த ஊழியர். அப்பாவுக்கு மே 4-ல் பாசிட்டிவ். 24-ஆம் நாள் மரணம், நடுவில் மருத்துவமனையை விட்டு வெளியே வரவே இல்லை. பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் இறந்தால் அது கொரோனா மரணம்தான். சான்றிதழில் கொரோனா என்ற சொல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 4-ல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பக்கங்களை அச்செடுத்து, பத்திக்குக் கீழே கோடு போட்டு, ஆட்சியர் அலுவலகத்தில், கொரோனா மரணமா என்று முடிவு செய்யும் மாவட்டக் குழுவுக்கு மனு கொடுத்தேன்.

அங்கே கேட்டது பாசிட்டிவ் ரிசல்ட்டின் நகல். எங்களிடம் இல்லை. அசல் மருத்துவமனை ஃபைலோடு போய்விட்டது. பரிசோதனைக் கூடத்தில், மாதிரி எடுக்கும்போது தரும் எஸ்ஆர்எஃப் எண் இல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள். அன்று ராத்திரி பட்டன் போனை எடுத்து உட்கார்ந்தேன். நூல் விலை, வங்கி இருப்பு, கேஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்திக் கீழே இறங்கினேன். மாதிரி எடுத்த அன்று வந்த குறுஞ்செய்தி இருந்தது, எண்ணோடு. அம்மா பக்கத்தில் வந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரிசல்ட் கிடைத்தது. ஆனால் அதில் அப்பாவின் பெயர் எழுத்துப்பிழையோடு, வயது 61-க்குப் பதில் 58. இது வேறு ஆள் என்று யாரும் சொல்லிவிடலாம். அதே எஸ்ஆர்எஃப் எண் மருத்துவமனையின் அட்மிஷன் தாளிலும் எழுதப்பட்டிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபணம் ஆகும். மருத்துவமனையில் நாளைக்கு வா, ரெக்கார்டு ரூம் பூட்டியிருக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை எழுத்தில் கொடுத்தேன். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை விதி சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, மனு பெற்றதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். மறுநாள் மதியம் ஃபைல் நகல் தயார். வாய்ப்பேச்சில் கேட்டு ஒரு வாரம் வீணாக்கியதற்கு இன்னும் வயிறு எரிகிறது. அட்மிஷன் தாளின் மேல் மூலையில் பேனாவில் அந்த எண் இருந்தது. குழுவில் இருந்த மருத்துவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

 2022 மார்ச் 20-க்கு முன் நடந்த மரணங்களுக்கு விண்ணப்பிக்க 60 நாள்தான் என்று உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் கெடு வைத்தது. நிராகரித்துவிட்டார்கள் என்று விட்டவர்கள் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மாவட்டக் குழுவுக்குப் போங்கள். தனியாக முடியாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காசில்லாமல் உதவி கேட்கலாம்.

யூனிட் பழைய பெயரிலேயே ஓடுகிறது, எண் மட்டும் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவைப் பார்க்கப் போகிறோம். 50,000-த்தில் அவருக்கு ஒரு பங்கு தனியாக எடுத்து வைத்திருக்கிறார் அம்மா.