டம்பெல் எடுக்கும் முன் ஐந்து நிமிடம்

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அதை முடித்தவர்களுக்கும் ஒரு பொதுக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பு தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என்னென்ன கருவி வாங்கணும்?" என்றுதான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சக்கரம் இல்லாத உறுதியான நாற்காலிகள், அரைக் கிலோவில் தொடங்கும் டம்பெல்கள், வெவ்வேறு இறுக்கத்தில் ரப்பர் பேண்டுகள், தடுக்காமல் நடக்க நீளமான இடம். இவற்றோடு, பக்கத்திலேயே கழிவறை. குடல் அறுவை சிகிச்சையோ அடிவயிற்றில் ரேடியேஷனோ முடித்து வருகிறவருக்கு, சுவரில் ஒட்டிய 'போராடு, வெல்' போஸ்டரைவிட, கழிவறைக்கு வழிகாட்டும் அம்புக்குறிதான் அதிக தைரியம் தரும்.

வகுப்பு உருப்படியானதா என்பது, ஆள் உள்ளே வந்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதில் தெரிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றிக்கொள்பவருக்குப் போன வாரம் இருந்த உடம்பு இந்த வாரம் இருக்காது. பல மருந்துகளில் ஏற்றிய ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள், தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது இருபது பேர் மூச்சுவிடும் அறையைவிட வீட்டு மாடியில் நடப்பதே நல்லது.

அதனால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். காய்ச்சல் இருக்கிறதா? கீமோ நடக்கும்போது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் வகுப்பு ரத்து என்பதோடு விஷயம் முடியவில்லை. உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா? இரத்தக்கட்டியாக இருக்கலாம். முதுகில் புதிய வலி, இரவில் கூடுகிறதா, கால் தளர்கிறதா? இதெல்லாம் பயிற்சியாளர் பார்த்துச் சரிசெய்கிற விஷயமே இல்லை. அன்றே மருத்துவர் பார்க்க வேண்டியது. கடைசி இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 50,000-க்குக் கீழே இருந்தால் எடை தூக்குவதை நிறுத்தி, மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடருங்கள். விழுந்து அடிபட்டால் உள்ளே இரத்தம் கசியும் என்பதுதான் பயம்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு கூட்டிய வல்லுநர் குழு 2019-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வாரம் மூன்று நாள் 30 நிமிட மிதமான நடை போன்ற பயிற்சி, வாரம் இரண்டு நாள் தசைப்பயிற்சி, ஒவ்வொரு பயிற்சியும் இரண்டு சுற்று, சுற்றுக்கு 8 முதல் 15 முறை. இது போய்ச் சேர வேண்டிய இடம். தொடங்கும் இடம் பத்து நிமிட நடையாக இருந்தாலும் பரவாயில்லை. வேகத்தை நாடித்துடிப்பை வைத்து அளக்காதீர்கள். இரத்தசோகையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

ஒரு பயிற்சியைக் கிட்டத்தில் பார்ப்போம்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும். இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து, பாதங்களை இடுப்பளவு அகட்டி, குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால் வரும்படி வையுங்கள். கைகள் மார்பில் குறுக்காக. முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து, இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போயிற்று. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குத் தொடைத்தசை இளைத்திருக்கும். எழ முடியாவிட்டால் இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள், வாரம் போகப் போகக் குறையுங்கள். ஸ்டோமா பை (குடலை வயிற்றில் திறந்துவிட்ட இடத்தில் மலம் சேர மாட்டும் பை) உள்ளவர் மூச்சை அடக்கி எழவே கூடாது. வயிற்றழுத்தம் கூடி அந்த இடத்தில் குடல் பிதுங்கக்கூடும். கீமோவால் பாதம் மரத்துப்போனவர் வெறுங்காலோடு செய்ய வேண்டாம், கட்டு இறுகிய ஷூ வேண்டும். முதல் நாளும் பன்னிரண்டாம் வாரமும் 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று குறித்துவையுங்கள். எடை இயந்திரம் சொல்லாததை அந்த எண் சொல்லும்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்த பக்கத்துக் கையால் எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கும் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஏற்கெனவே கைவீக்கம் உள்ள பெண்களுக்கு மெல்ல மெல்ல எடை கூட்டிப் பயிற்சி கொடுத்த ஆய்வு 2009-இல் வெளியானது. வீக்கம் கூடவில்லை, அது முற்றிப் பாடுபடுத்துவதும் குறைந்தது. அங்கே முக்கியம் 'மெல்ல' என்பதுதான். கண்காணிப்போடு, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்து, மிகக் குறைந்த எடையில் தொடங்கினார்கள். கை கனத்தால், மோதிரம் இறுகினால், எடையைக் கூட்டாமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியவரையும் கதவடைத்து அனுப்ப வேண்டியதில்லை. எந்த எலும்பு என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முதுகெலும்பு என்றால் குனிந்து தூக்குவதும் இடுப்பைத் திருகுவதும் கிடையாது. தொடையெலும்பு என்றால் குதிப்பதும் ஒற்றைக்காலில் நிற்பதும் கிடையாது.

அதிகம் சறுக்குவது நல்ல நாளில்தான். மூன்று வாரம் படுத்திருந்தவர் ஒருநாள் தெம்பாக வந்து எல்லாவற்றையும் இரட்டிப்பாகச் செய்வார், அடுத்த இரண்டு நாள் எழமாட்டார், பிறகு வகுப்புக்கே வரமாட்டார். புற்றுநோய்க் களைப்பு தூங்கினால் தீருகிற களைப்பில்லை. அளவான அசைவுதான் அதைக் குறைக்கிறது. அளவு சரியா என்று பயிற்சி முடிந்ததும் கேட்டுப் பயனில்லை, மறுநாள் காலை கேளுங்கள். வழக்கத்தைவிட மோசமென்றால் அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனவர் விட்ட எடையில் தொடராமல் ஒரு படி இறங்கித் தொடங்கட்டும்.

இப்படிப்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் 12 வாரத்தோடு முடிந்துவிடுகின்றன. அது போதாது என்பது என் கட்சி. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரைக் கொண்டு நடந்த 'சேலஞ்ச்' ஆய்வு 2025-இல் வெளியானது. அதில் பயிற்சித் திட்டம் மூன்று ஆண்டு ஓடியது. ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80 சதவீதம், கையேடு மட்டும் வாங்கியவர்களில் 74. தசை, மூட்டு வலி பயிற்சிக் குழுவில் சற்று அதிகம்தான், மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்ததில் முக்கியமானது, ஆண்டுக்கணக்கில் விடாமல் விசாரித்த ஓர் ஆலோசகர். ஆகவே பத்தாம் வாரத்திலேயே வீட்டுப் பயிற்சியை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள், பக்கத்துத் தெருக்காரர்களை நடைக்கு ஜோடி சேருங்கள், வகுப்பு முடிந்த மூன்றாம் மாதம் மறுபடி வந்து நாற்காலியில் எழுந்து காட்ட வேண்டிய தேதியை அந்தத் தாளின் மேலேயே குறித்துவிடுங்கள்.