பெரட்டு நேரத்து நடை

06.01.2025, திங்கள்
மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.9 விழுக்காடு. இரத்த அழுத்தம் 148/92. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 86. கிளினிக்கில் மிசி (தாதி) கேட்டார்: "அண்ணே, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் லோரியில உக்காந்திருக்கீங்க?" செம்பனைக் குலை ஏற்றி, ஆலை வாசலில் வரிசை பிடித்து, திரும்பி வர பத்து மணி நேரம் என்றேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது, அதோடு வாரம் 150 நிமிடம் வேக நடை என்றார். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கும் அதுதான்: 150 முதல் 300 நிமிடம், ஓட முடிந்தவர்களுக்கு அதில் பாதி.

2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). இந்தியர்களில் மட்டும் 31.4. கிளினிக் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கணக்கைச் சந்தேகப்படத் தோன்றாது.

09.01.2025
முதல் நடை. விடியற்காலை, தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பின்னால் பால்மரக் காட்டுப் பாதை, அதாவது ரப்பர் தோட்டம். வேகம் சரியா என்று அறிய மிசி சொன்ன வழி: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாடிப் பார்த்தேன். முதல் வரியிலேயே மூச்சு நின்றது. நாய்களும் துரத்தின.

14.01.2025, பொங்கல்
இரண்டு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல். குற்ற உணர்ச்சியில் சாப்பிட்ட கையோடு கால் மணி நேரம் நடந்தேன். விரலில் குத்திப் பார்த்தால் பயந்த அளவுக்கு ஏறவில்லை. வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் தானே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். இதற்காக மூன்றாவது கிண்ணம் எடுக்கலாமா என்று கேட்டேன். வீட்டில் பதில் வரவில்லை, பார்வை வந்தது.

26.01.2025, ஞாயிறு
நான் சப்பாத்து மாட்டும்போது அம்மா திண்ணையில் இருந்து சிரித்தார். "பெரட்டுக்குக் கெளம்பிட்டியா? கத்தி எங்க?"

அம்மா சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். இருட்டில் பெரட்டு (வேலைக்கு முன் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது), தலையில் விளக்கு, ஐந்நூறு மரத்துக்கு மேல். வெட்டி முடித்து, பால் கிண்ணங்களில் வடிந்ததும் அதே நிறைகளில் (மர வரிசைகளில்) மறுபடி நடந்து மங்கு மங்காகச் சேர்த்து, இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு மேடு ஏறி ஸ்டோருக்கு. "அதுக்கு யாரும் எனக்கு நிமிஷம் எண்ணலடா" என்றார். அந்த வாழ்க்கையை நான் அழகாக்கிச் சொல்ல மாட்டேன். அம்மாவின் இடுப்பு வலியும் அட்டைக்கடித் தழும்பும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் அந்த இதயம்?

இரவில் மகள் காட்டிய கட்டுரை ஒன்று அப்படியே எங்கள் வீட்டுக் கதை. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பஸ்காரர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. ஒரே பஸ், ஒரே சாலை. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் இரண்டடுக்குப் படியை ஏறி இறங்குவார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம். கண்டக்டர்களுக்கு வந்தாலும் தாமதமாக வந்தது, உயிரைப் பறித்ததும் குறைவு. ஓட்டுநர்கள் குண்டாக இருந்ததுதான் காரணமோ என்று பிறகு சீருடைக் கால்சட்டை அளவுகளையும் பார்த்திருக்கிறார். ஒல்லியான ஓட்டுநருக்கும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் கண்டக்டர் அம்மா. ஓட்டுநர் நான்.

11.02.2025, தைப்பூசம்
ஈப்போ. தம்பியின் காவடியோடு புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயில் வரை நடந்தேன். போன வருடம் பாதியில் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை உட்காரவில்லை. திரும்பும்போது குதிகாலில் கொப்புளம். இனிப்பு நீர்க்காரன் காலை தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குப் பார்த்து மறந்திருந்தேன்.

03.03.2025
மழை, லோரி பழுது, கொப்புளம். மூன்று வாரம் நடக்கவில்லை. இன்று அதே மேட்டில் பழையபடி மூச்சு வாங்கியது. சேர்க்க மாதக்கணக்கு, கரைய வாரக்கணக்கு. எரிச்சல்.

07.04.2025, திங்கள்
சராசரி 7.2. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள்தான் வாழும், அதனால்தான் இந்தச் சோதனை மூன்று மாதக் கதையைச் சொல்கிறது என்றார் டாக்டர். அழுத்தம் 138/86. நாடி 76. இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தம் தள்ளுவதால் அடிக்கடி துடிக்கத் தேவையில்லையாம். மாத்திரை குறையவில்லை. எடையோ ஒன்றரை கிலோதான் இறங்கியிருக்கிறது. புலம்பப் போனேன். லண்டன் கால்சட்டை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

08.04.2025
அம்மாவும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். வயது 71, காலில் ஜப்பான் சிலிப்பர். பால்மரக் காட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு முன்னால் போய், மேட்டில் ஏறிக்கொண்டே ஒரு பழைய தாலாட்டைப் பாட ஆரம்பித்தார். முழுசாக. மிசி கணக்குப்படி அம்மாவுக்கு இதெல்லாம் உடற்பயிற்சியிலேயே சேராது.

"ஏன்டா பின்னாலயே நிக்கிற?" என்றார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.