ராச்டேல்: 28 பேர் திறந்த மளிகைக் கடையின் ஊர்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடகிழக்கே, பென்னைன் மலைத்தொடரின் அடிவாரத்தில், ரோச் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது ராச்டேல். சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் ஊர் அன்று. கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றில் ஆர்வம் இருந்ததால் மட்டுமே நான் அங்குச் சென்றேன். பருத்தி ஆலைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஃபிளானல் என்னும் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்றிருந்த இவ்வூரில், மலையைக் கடந்து யார்க்‌ஷயர் வரை செல்லும் ராச்டேல் கால்வாய் 1804இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, நிலக்கரியும் பஞ்சும் படகுகளில் மலிவாக வந்து சேர்ந்து ஆலைகள் பெருகின.

ஆலைகள் பெருகிய வேகத்தில் கூலி பெருகவில்லை. 1840களில் நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தோற்றார்கள். கிடைத்த சொற்பக் கூலியும் கலப்பட மாவுக்கும் எடை குறைந்த சர்க்கரைக்கும் போனது. கூலியை உயர்த்த முடியாவிட்டால் அந்தக் கூலிக்கு நேர்மையான சரக்கையாவது வாங்குவோம் என்று நெசவாளர்களும் பிற கைவினைஞர்களுமாக 28 பேர் கூடி, வாரம் இரண்டு, மூன்று பென்ஸ் என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுண்டு முதல் போட்டு, டோடு லேன் தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தை ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குப் பிடித்தார்கள். பின்னாளில் கூட்டுறவு இயக்கத்துக்கு முன்மாதிரியான அந்தக் கடை 1844 டிசம்பர் 21 அன்று திறந்தது. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி: ஏறக்குறைய இவ்வளவுதான் சரக்கு.

அக்கட்டடம் 1931 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. முன்னறையில் அந்தக் கடையை மீண்டும் அமைத்திருக்கிறார்கள்: பீப்பாய்களின் மேல் கிடத்திய பலகையே கல்லாமேசை, அதன்மேல் ஒரு தராசு. அதன் எதிரே நின்றபோது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அவர்களுடைய விதிகள்தான். கலப்படம் இல்லாத பொருள், சரியான எடை, ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு. எல்லாவற்றையும்விடக் கடினமானது ‘கடன் கிடையாது’ என்பது. மாதக் கடைசியில் அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டை நம்பி வளர்ந்த நமக்கு அது இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆனால், கடனில் மூழ்கிய குடும்பம் கலப்பட மாவைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். 1904இல் சென்னையில் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் இவர்கள் காட்டிய வழியைப் பின்பற்றியதே.

சிறிது தொலைவு நடந்தால் நகர மண்டபம். டபிள்யூ. எச். கிராஸ்லாண்ட் கோதிக் பாணியில் வடிவமைத்து 1871இல் திறக்கப்பட்ட இம்மாளிகையின் கோபுரம் 1883இல் தீக்கிரையாக, மான்செஸ்டர் நகர மண்டபத்தைக் கட்டிய ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ் இப்போதுள்ள 190 அடி மணிக்கூண்டை எழுப்பினார். நீண்ட சீரமைப்புக்குப் பின் 2024இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள். பெரிய கூடத்தின் சுவரில் மன்னன் ஜான், அரச அதிகாரத்துக்கு வரம்பிட்ட மாக்ன கார்ட்டா சாசனத்துக்கு இணங்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. மன்னனைப் பிரபுக்கள் பணியவைத்த கதையில் ஆலை முதலாளிகள் தங்களைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள். தொழிலாளிக்கு அந்தச் சித்திரத்தில் இடமில்லை.

ஊருக்குள்ளேயே ஸ்பாடன் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகளில் ஒன்று இயங்கியது. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் இழை நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல், 33 வயதில், நுரையீரல் நோயால் இறந்தார். அவரது உடலை ஆராய்ந்த வில்லியம் குக் என்னும் மருத்துவர் எழுதிய கட்டுரைகளும் அவற்றைத் தொடர்ந்த அரசு விசாரணையும் ஆஸ்பெஸ்டாஸ் தூசுக்கான 1931ஆம் ஆண்டு விதிகளுக்கு வழிவகுத்தன. இந்த ஊருக்கு வருபவர்கள் டோடு லேனோடு நிறுத்திக்கொள்வது எனக்குக் குறையாகவே படுகிறது.

கால்கள் ஒத்துழைத்தால் ரூலி மேட்டுநிலத்துக்கும் ஏறலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று ஆலைகள் மூடப்பட்ட 1860களில், வேலையிழந்த தொழிலாளர்களைக் கொண்டு நிவாரணப் பணியாகக் கல் பாவிய சாலை அங்கே இன்னும் இருக்கிறது. மான்செஸ்டர் விக்டோரியாவிலிருந்து ரயிலில் வருவது நல்லது; டிராம் ஊர் நடுவே இறக்கிவிடும் என்றாலும் அதற்கு வெகுநேரம் பிடிக்கும்.