கருங்கல் வீட்டில் மெஷ் வைஃபை: பழைய ரூட்டரை மாற்றாமல் அமைத்த அனுபவம்

குன்னூரில் நாங்கள் குடியிருப்பது, மலைச்சரிவை ஒட்டி இரண்டு தளங்களாகக் கீழிறங்கும் பழைய கருங்கல் வீடு. ஃபைபர் ரூட்டர் சாலைமட்டத்து முன்னறையில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் மகள் படிக்கும் அறைக்கு சிக்னல் எட்டுவதேயில்லை. பனிமூட்டம்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் பலரும் சொல்வார்கள். உண்மையில், ஒரு வீட்டுக்குள்ளான தூரத்தில் வைஃபை அலைகளுக்குப் பனிமூட்டம் ஒரு தடையே அன்று. தடுப்பது ஒன்றரை அடிக் கருங்கல் சுவர். அதிலும் வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளுள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட விரைவாக அங்கே வலுவிழந்துவிடுகிறது.

ஃபைபர் இணைப்பும் லேண்ட்லைன் தொலைபேசியும் அந்த ரூட்டரிலேயே இருப்பதால், அதை அப்படியே வைத்துக்கொண்டு மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் தொகுப்பு ஒன்றை வாங்கினோம். வீட்டின் வெவ்வேறு இடங்களில் வைக்கும் பெட்டிகள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரே வைஃபையாக இயங்குவதே மெஷ். முதல் பெட்டியை ரூட்டரின் லேன் போர்ட்டில் இணைத்ததும் இணையம் வந்துவிட்டது. ஆனால் ரூட்டரோடு கேபிளில் இணைந்திருந்த பிரிண்டர் கைபேசிகளின் தேடலில் தென்படவில்லை. மெஷ் பெட்டி தானும் ஒரு ரூட்டராக இயங்கி, தன்னோடு இணைந்த கருவிகளுக்கு வேறு ஐபி முகவரிகளை (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) வழங்கி, அவற்றைத் தனி வலையமைப்பாகப் பிரித்துவிட்டதே காரணம். மெஷ் செயலியில் அதை, வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றியபின், முகவரி வழங்கும் வேலை பழைய ரூட்டரிடமே திரும்பியது, பிரிண்டரும் கிடைத்தது. இம்முறையில் மெஷ் செயலியின் பெற்றோர் கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் இயங்காமல் போகலாம் என்பதால், அவை தேவைப்படுவோர் வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே மெஷ்ஷுக்கும் கொடுத்து, ரூட்டரின் வைஃபையை அணைத்துவிட்டோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும் கீசர் சுவிட்ச் உட்பட எல்லாக் கருவிகளும் தாமாகவே இணைந்துகொண்டன.

உண்மையான உழைப்பு, பெட்டிகளுக்கு இடம் தேர்வதில்தான் இருந்தது. சிக்னலே இல்லாத அறையில் வைத்தால், அங்குள்ள பெட்டிக்கும் வாங்கி அனுப்ப ஏதும் இராது. கல்சுவர் குறுக்கிடாத படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டாவது பெட்டியை வைத்ததும் கீழ்த்தளத்துக்கு இணைப்பு வந்தது. ஆயினும் அது ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்ப வேண்டியிருந்ததால், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆகவே பழைய தொலைபேசிக் கம்பிக்காகச் சுவரில் போட்டிருந்த துளை வழியே கேட்-6 எனும் நெட்வொர்க் கேபிளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, மூன்றாவது பெட்டியை அதில் இணைத்தோம். இத்தகைய கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும் என்பதால் நீளம் ஒரு பொருட்டாகவில்லை. வெளிச்சுவர் வழியே கொண்டுபோயிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். குரங்குகள் பிடித்து இழுக்கும் என்பதோடு, இடிமின்னலின்போது வெளியே கிடக்கும் செம்புக் கம்பி கருவிகளுக்கு ஆபத்து என்பதாலும் அதைத் தவிர்த்தோம். இப்போது மகளின் வீடியோ வகுப்பு தடையின்றி நடக்கிறது.

மழைக்காலத்தில் இங்கு மின்தடை வழக்கமாதலால், ரூட்டரோடு மூன்று பெட்டிகளையும் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்குகளில் மாட்டியிருக்கிறோம்.