வெயில் மழையும் நரிக்கல்யாணமும்

வெயில் காயும்போதே மழை தூறினால், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குழந்தைகள் "காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்" என்று கத்தும். பக்கத்து மலையாள வீட்டில் அது குறுக்கனின், அதாவது நரியின், கல்யாணம், காக்காய் கிடையாது. ஜப்பானிலும் காக்காய் இல்லை. அவர்கள் சொல்வது 'கிட்சுனே நோ யோமெயிரி'. கிட்சுனே என்றால் நரி. யோமெயிரி என்பது தாலி கட்டுவதல்ல, பெண் புகுந்த வீட்டுக்குப் போவது. முன்பெல்லாம் அந்த ஊர்வலம் விளக்குகளோடு இருட்டில் போகும். அதனால் ராத்திரியில் தூரத்து மலைச்சரிவில் வரிசையாகத் தெரியும் வெளிச்சத்துக்கும் இதே பெயர். நம்மூரில் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றிருப்பார்கள்.

குழந்தைகளுக்கு இந்த ஜப்பானியக் கதைகளைச் சொல்லும்போது இரண்டு இடத்தில் தவறு வருகிறது. ஒன்று, இனாரியை 'நரிச்சாமி' என்பது. இனாரி அங்கே நெல்லுக்கான தெய்வம். நரி அதன் தூதர். வாசலில் நந்தி இருப்பதால் சிவன் கோயில் காளை கோயில் ஆகிவிடாது, அப்படித்தான். கியோட்டோவில் 711இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் புஷிமி இனாரி கோயிலுக்குப் போனால் நரிச்சிலையின் வாயைப் பாருங்கள்: ஒன்று சாவியைக் கவ்வியிருக்கும், இன்னொன்று நெற்கதிரை. அது களஞ்சியத்துச் சாவி.

இன்னொன்று, நரியைப் போலவே அந்தக் கதைகளில் வேஷம் போடும் தனுகி என்ற பிராணியை 'ரக்கூன்' என்று எழுதுவது. ரக்கூன் அமெரிக்கப் பிராணி, வேறு குடும்பம். தனுகி நாய்க் குடும்பத்தது. கண்ணைச் சுற்றிய கறுப்புதான் ஆளை ஏமாற்றுகிறது. "நரிக்கு ஏழு வேஷம், தனுகிக்கு எட்டு" என்பது அங்கே பழமொழி. நரி ஆளை மயக்க வேஷம் போடும், தனுகி குஷிக்காகப் போடும் என்பார்கள். தலையில் இலையை வைத்து உருமாறும், இலையையே காசாக்கிக் கடையில் கொடுக்கும். விடிந்து கல்லாவைத் திறந்தால் உள்ளே சருகுதான். அதே தனுகி இன்று வைக்கோல் தொப்பியும் சாகே மதுக் குடுவையுமாகக் கடை வாசலில் சிலையாக நிற்கிறது. 1951இல் பேரரசர் மண்பாண்டத்துக்குப் பேர்போன ஷிகராகி ஊருக்கு வந்தபோது, கொடி பிடித்த தனுகி சிலைகளை வழிநெடுக நிறுத்தி வரவேற்றார்கள். நாடெங்கும் அந்தச் சிலைகளின் பேர் பரவியது அதற்குப் பிறகுதான்.

இவற்றிடம் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு, எனக்கு மிகப் பிடித்தது அதுதான். விரலில் எச்சில் தொட்டுப் புருவத்தில் தடவ வேண்டும். நம் புருவ முடியை எண்ணிவிட்டால்தான் நரியால் மயக்க முடியுமாம். ஈரத்தில் முடிகள் ஒட்டிக்கொண்டால் எண்ணிக்கை தப்பிப்போகும். 'மயுட்சுபா', புருவ எச்சில். நம்ப முடியாத பேச்சைக் கேட்டால் ஜப்பானியர்கள் இன்றும் சொல்லும் வார்த்தை அது.