பட்டியலைத் திருத்தியவர்கள்

எண்பதுகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். இந்தியப் பள்ளி ஆசிரியர்களின் பதவி உயர்வுப் பட்டியல் எங்கள் மேசையைத் தாண்டித்தான் மேலே போகும். போகும்போது ஒரு வரிசை, திரும்பி வரும்போது வேறு வரிசை. ஓரத்தில் பென்சில் திருத்தம் இருக்கும், கையெழுத்து இருக்காது. புதிய வரிசைப்படி மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

திருத்தத்துக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் வட்டாரத் தலைவர் என்று எல்லோருக்கும் தெரியும். நிறவெறி அரசு 1984ல் இந்தியர்களுக்கென்று ஒரு தனிச் சபை அமைத்தது. கறுப்பின மக்களுக்கு இடமில்லாத நாடாளுமன்றம் எங்களுக்கு வேண்டாம் என்று பெரும்பாலானோர் புறக்கணித்தார்கள். பதிவான வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டுப் போட்டது. அந்த ஓட்டில் வந்தவர்கள் கையில் இந்தியர்களின் வீட்டுவசதியும் பள்ளிகளும் போய்ச் சேர்ந்தன. டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் காவடி என்றால் முதல் மாலை தலைவருக்குத்தான். தலைமை ஆசிரியர் பதவிக்கு என்ன விலை என்பதை அவருடைய ஆட்கள் வெளிப்படையாகவே பேசினார்கள்.

ஒருநாள் எங்கள் அறையில் உட்கார்ந்து ஒரு குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசி வந்தது. எழுந்து நின்றுவிட்டார். "யா, மெனீர். யா, மெனீர்." ஆஃப்ரிக்கான்ஸில் "சரி, ஐயா" என்று பொருள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மறுமுனையில் எங்கள் வெள்ளை மேலதிகாரி.

அந்த அதிகாரி புரூடர்பாண்ட் உறுப்பினர். 1978ல் உறுப்பினர் பெயர்கள் அச்சில் வெளிவந்தபோது அவர் பெயரும் அதில் இருந்தது. 1918ல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய ரகசிய அமைப்பு அது. ஆஃப்ரிக்கான்ஸ் பேசும் வெள்ளையரான ஆஃப்ரிக்கானர் ஆண்களுக்கு மட்டும். 1944ல் அன்றைய பிரதமர் ஸ்மட்ஸ், அமைப்பை விடுங்கள் அல்லது வேலையை விடுங்கள் என்று அரசு ஊழியர்களிடம் சொல்லிப் பார்த்தார். 1948ல் அவருடைய ஆட்சியே போனது. அதிலிருந்து 1994 வரை நாட்டை ஆண்ட ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 1976ல் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவின் பிள்ளைகள் மேல் ஆஃப்ரிக்கான்ஸைத் திணிப்பதில் பிடிவாதமாக நின்ற துணை அமைச்சர் ட்ரூர்நிக்ட், அதற்குமுன் அந்த அமைப்பின் தலைவராகவே இருந்தவர்.

எங்கள் தலைவரை அவர்கள் உள்ளே சேர்க்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அவர் தேவைப்பட்டார். லஞ்சம் வாங்குகிறவன் எதிர்த்துப் பேச மாட்டான், கணக்கு அவர்கள் கையில் இருக்கிறதே! நேர்மையான ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பென்சில் திருத்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டிருப்பார். எங்கள் ஆட்கள் திட்டித் தீர்த்ததெல்லாம் தலைவரைத்தான். நியாயமான கோபம்தான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது என்றே இன்றும் நினைக்கிறேன். ஜேம்ஸ் விசாரணைக் குழு 1989ல் இந்தியச் சபையின் அமைச்சர் குழுத் தலைவராக இருந்த அமிசந்த் ராஜ்பன்சியின் முறைகேடுகளை வெளியே கொண்டுவந்தது. சரி, வரவேண்டியதுதான். "பார்த்தாயா, உங்கள் ஆட்கள்" என்றார் எங்கள் மேலதிகாரி. அவரை யாரும் விசாரிக்கவில்லை. முழு ஓய்வூதியத்தோடு போனார்.

பட்டியலில் முதலிடத்திலிருந்து காணாமல் போன ஒரு கணித ஆசிரியரை எனக்குத் தெரியும். "பணம் கொடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்ப்பேன், தங்கச்சி?" என்றார். கடைசிவரை உதவி ஆசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றார். அவர் மனைவிக்கு இன்றும் அந்தக் குறைந்த சம்பளக் கணக்கில்தான் ஓய்வூதியம் வருகிறது.