கிட்டார் பிக்: ஒரே தடிமன், வெவ்வேறு ஒலி

டிரெட்நாட் எனப்படும் பெரிய உடல் கொண்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் 0.012 முதல் 0.053 அங்குலம் வரையிலான ஃபாஸ்பர் பிரான்ஸ் கம்பிகளைக் கட்டி வாசித்து வருகிறேன். பாட்டுக்குத் துணையாக ஸ்ட்ரம்மிங் (பல கம்பிகளை ஒருசேர மீட்டுவது) செய்வதும், இடையிடையே மெட்டைத் தனிக் கம்பிகளில் வாசிப்பதும்தான் என் பயிற்சி. இவ்விரண்டுக்கும் ஒரே பிக் (கம்பிகளை மீட்ட விரலிடுக்கில் பிடிக்கும் சிறு தகடு) போதுமா என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்ய விரும்பி, கடையில் கிடைத்த பல வகைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரே பகுதியை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து ஒப்பிட்டேன். மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 80 தட்டு, கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) ஜி, சி, டி, அவற்றைத் தொடர்ந்து ஒரு சிறு மெட்டு என்று வகுத்துக்கொண்டேன். வலக்கை சவுண்ட் ஹோலுக்கு (கிட்டாரின் முகப்பிலுள்ள வட்டத் துளைக்கு) நேரே இருக்கும்படியும் பார்த்துக்கொண்டேன். கம்பிகளின் கீழ்முனை பொருந்தும் பிரிட்ஜ் பக்கமாகக் கை இரண்டு விரற்கடை நகர்ந்தாலே ஒலி கூர்மையாகிவிடும் என்பதால், இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஒப்பீட்டால் பயனில்லை.

0.46 மில்லிமீட்டர் நைலான் பிக்கிலிருந்து தொடங்கினேன். புதிதாகக் கற்பவர்களுக்குப் பெரும்பாலும் இத்தகைய மெல்லிய பிக்கைத்தான் பரிந்துரைக்கிறார்கள். கம்பியில் பட்டவுடன் வளைந்து கொடுப்பதால், கை சற்று ஆழமாக இறங்கினாலும் அது சிக்கிக்கொள்வதில்லை. ஆறு கம்பிகளும் சீராக ஒலிக்கின்றன. ஆனால், சற்றுத் தேர்ந்த பிறகு அந்தச் சீர்மையே தடையாகிவிடுகிறது. இரண்டாவது, நான்காவது தட்டுகளுக்கு அழுத்தம் கொடுக்க நினைத்துக் கையை ஓங்கினால், கூடுதல் விசை பிக்கின் வளைவிலேயே பெரிதும் செலவாகிவிடுகிறது. பதிவைக் கேட்டபோது மெல்லிய அடிக்கும் ஓங்கிய அடிக்கும் இருந்த வேறுபாடு சொற்பமாகவே தெரிந்தது. பிளாஸ்டிக் கம்பிகளை உரசிச் செல்லும் சடசடப்போ கார்டின் ஒலியை மீறி முன்னால் நின்றது. பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் இந்தச் சடசடப்பு தாளத்துக்கு உதவும். ஒரே குரலும் ஒரே கிட்டாரும் மட்டும் இருக்கும் இடத்தில் அது காதை உறுத்துகிறது.

அடுத்து 0.73 மில்லிமீட்டருக்கு வந்தபோதுதான், பிக்கின் மீது அச்சிடப்பட்டுள்ள எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கியது. டன்லப் நைலான் 0.73, அதே நிறுவனத்தின் மஞ்சள் நிற டார்டெக்ஸ் (ஒரு வகைச் செயற்கைப் பொருள்) 0.73, ஏறத்தாழ அதே தடிமன் கொண்ட ஃபெண்டர் மீடியம் செல்லுலாய்டு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தேன். நைலான் அதிகம் வளைந்து மெதுவாக மீண்டது. ஒலி மென்மையாக இருந்தாலும் விளிம்பு சற்று மங்கியிருந்தது. டார்டெக்ஸ் குறைவாக வளைந்து சட்டென நிமிர்ந்ததால், ஒவ்வொரு தட்டும் தெளிவாகப் பிரிந்து கேட்டது. என் காதுக்கு மிக இயல்பாகப் பட்டது செல்லுலாய்டுதான். அதில் பிரகாசமும் இருந்தது, மரத்தின் கதகதப்பும் இருந்தது.

செல்லுலாய்டின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. முன்பெல்லாம் நல்ல பிக் என்றால் அழுங்காமையின் ஓட்டில் செய்ததாகவே இருக்கும். அமெரிக்காவில் டி'ஆண்ட்ரியா நிறுவனம் 1922இல் செல்லுலாய்டு பிக்குகளைச் செய்யத் தொடங்கிய பிறகு அவை பரவலாயின. இன்றும் பல செல்லுலாய்டு பிக்குகளில் ஆமையோட்டின் பழுப்புப் புள்ளிக் கோலம் தொடர்வது அதனால்தான். அழுங்காமைப் பொருள்களின் பன்னாட்டு வணிகம் 1970களில் தடைசெய்யப்பட்டபின், ஓட்டின் தன்மைக்கு நெருக்கமான செயற்கைப் பொருளைத் தேடும் முயற்சி வலுத்தது. 1981இல் வெளிவந்த டார்டெக்ஸ் அந்த முயற்சியின் விளைவுகளுள் ஒன்று.

செல்லுலாய்டின் குறை அதன் தேய்மானம். சில நாள் ஸ்ட்ரம்மிங்குக்குப் பின் அதன் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சுருள் சுற்றிய தடித்த கம்பிகள் அறுத்த சிறு பற்கள் வரிசையாகத் தெரிகின்றன. ஒலி கரகரப்பதற்கு அந்தப் பற்களே காரணம். 600 எண் உப்புத்தாளில் தேய்த்து, பிறகு 1500இல் மெருகேற்றி, ஜீன்ஸ் துணியில் நன்றாகத் துடைத்தெடுத்ததும் கரகரப்பு பெருமளவு அடங்கிவிட்டது. புதிய பிக்குகளின் ஓரத்திலும் அச்சில் வெட்டிய தடம் இருப்பதுண்டு. வாங்கியவுடனே இவ்வாறு மெருகேற்றுவது நல்லது என்பதே என் கருத்து.

ஓரத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது கோணம். பிக்கைக் கம்பிக்கு இணையாகப் பிடித்தால் முழு அகலமும் ஒரே நேரத்தில் பட்டு ஒலி பளிச்சென்று எழுகிறது. சற்றே சாய்த்தால் கம்பி விளிம்பில் வழுக்கிச் செல்ல, ஒலி உருண்டு வருகிறது. அதிகமாகச் சாய்த்தால் தடித்த கம்பிகளில் சுரண்டும் ஓசை சேர்ந்துவிடும். கூர்முனைக்குப் பதிலாக உருண்ட தோள்பகுதியால் வாசிப்பதும் ஒரு நல்ல வழிதான். வேறு பிக் வாங்காமலே ஒலி ஒரு படி தணிகிறது.

1.5 மில்லிமீட்டர் பிக் மெட்டு வாசிப்பதற்கு மிகவும் பொருந்தியது. அது வளைவதே இல்லை என்பதால் கையின் ஒவ்வோர் அசைவும் கம்பிக்கு அப்படியே போய்ச் சேர்கிறது; மெல்லிய முதல் கம்பிகூடப் பருமனாக ஒலிக்கிறது. ஸ்ட்ரம்மிங்குக்கோ பிடியை மிகவும் தளர்த்த வேண்டியிருந்தது. தளர்த்தினால் பிக் விரலிடுக்கில் திரும்பிவிடுகிறது. கோடையில் விரல் வியர்க்கும்போது இது பெரும் தொல்லை. அந்த வகையில், மேலே புடைப்பு எழுத்துகள் கொண்ட நைலானும் மாவு பூசியது போன்ற டார்டெக்ஸும் வழவழப்பான செல்லுலாய்டைவிட நன்றாகப் பிடிபடுகின்றன. ஜாஸ் 3 போன்ற சிறிய பிக்குகள் எனக்கு ஒத்துவரவில்லை. ஸ்ட்ரம்மிங்கில் விரல் நுனியே கம்பியில் இடித்தது.

இப்போதைக்குப் பாட்டுத் துணைக்கு மெருகேற்றிய மீடியம் செல்லுலாய்டு, வியர்க்கும் நாள்களில் மஞ்சள் டார்டெக்ஸ், மெட்டுப் பயிற்சிக்கு 1.5 என்று வைத்திருக்கிறேன். ஒரே பாட்டில் ஸ்ட்ரம்மிங்கும் மெட்டும் மாறி மாறி வந்தால் 0.88 பச்சை டார்டெக்ஸை எடுக்கிறேன். இரண்டிலும் சிறிது விட்டுக்கொடுத்தாலும், நடுவில் பிக்கை மாற்ற வேண்டியதில்லை. அடுத்த முறை 0.011இல் தொடங்கும் மெல்லிய கம்பித் தொகுதியைக் கட்டி, இதே பகுதியை மீண்டும் பதிவு செய்து பார்க்க எண்ணியிருக்கிறேன். கம்பியின் இறுக்கம் குறையும்போது 0.73 இப்போது இருப்பதைவிடக் கடினமாகத் தோன்றும் என்பது என் ஊகம்.